ஈஸ்வேக் ஒரு கட்டை இறங்கிய கதை

“உனக்குச் சுருதி நிக்காது பிள்ளை. நீ பின்னுக்கு இருந்து பெட்டியைப் பார்.”

எனக்குப் பன்னிரண்டு வயதில் மியூசிக் அன்ரி சொன்னது இது. ரொறன்ரோவின் மல்வேர்னில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் சனிக்கிழமைகளில் அவர் வாய்ப்பாட்டு வகுப்பு நடத்தினார். இருபது பிள்ளைகள், ஒரு மின்சாரச் சுருதிப் பெட்டி. பெட்டி எப்போதும் ஐந்தரைக் கட்டையில்தான் இருக்கும். அது அன்ரியின் கட்டை, அவருடைய குரலுக்கு ஏற்ற சுருதி உயரம். ஆளுக்கொரு கட்டை வைத்தால் வகுப்பு எப்படி நடக்கும்? எட்டியவர்கள் பாடினார்கள். எட்டாதவர்களில் கெட்டிக்காரிகள் வாயை மட்டும் அசைத்தார்கள். நான் கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினேன். ஆகவே பின்வரிசைக்குப் போனேன்.

பெட்டியைப் பார்ப்பது சும்மா இருக்கும் வேலை என்று அன்ரி நினைத்திருப்பார். மண்டபத்தில் ஹீற்றர் போட்டுக் கொஞ்ச நேரத்தில் அந்தப் பழைய பெட்டியின் சுருதி மெல்ல விலகத் தொடங்கும். நான் குமிழை ஒரு மயிரிழை திருப்பிவிடுவேன். முன்னால் பாடுகிறவர்களுக்கு எதுவும் தெரியாது. எனக்கு அது பிடித்துப்போயிற்று.

என் தொழில் அங்கேதான் தொடங்கியது. இப்போது முடிந்தும் விட்டது. முப்பத்திரண்டு வயதில் ஓய்வு பெற்றேன் என்றால் சிரிப்பார்கள். ஆனால் செய்த வேலையை விட்டு வந்தவளுக்கு வேறு சொல் இல்லை. சென்ற மாதம் நான் படித்த கொலிஜிலிருந்து ஒரு மாணவி என்னைத் தேடி வந்தாள். “அக்கா, லைக், இப்ப எல்லாம் லாப்டொப்தானே? மேடையில கீபோர்ட்டுகளுக்குச் சுருதி சேர்த்துக் குடுக்கிற கீபோர்ட் டெக் எண்டு ஒரு ஜொப் இன்னும் இருக்கா?” என்று கேட்டாள். இல்லை என்று உடனே சொல்லிவிட்டேன். அவள் போன பிறகு இருக்க முடியவில்லை. பாத்திரம் கழுவினேன், கழுவியதையே திரும்பக் கழுவினேன், பிறகு இதை எழுத உட்கார்ந்தேன்.

அப்பா நாலாம் வகுப்போடு இடம்பெயர்ந்தவர். அம்மா அதுவும் இல்லை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்து, அதற்கு மேலும் படித்த முதல் ஆள் நான். சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம் கிடையாது. ஒலிப் பொறியியல் டிப்ளோமாவைக் கொண்டுவந்து மேசையில் வைத்தபோது அம்மா கேட்டார்: “இவ்வளவும் படிச்சுப்போட்டு வயர் சுத்தப் போறியோ?”

“ஓம் அம்மா. அதைச் சுத்திறதுக்கும் ஒரு படிப்பு இருக்கு.”

“அப்ப இந்தா, வக்கூம் கிளீனர் வயரைச் சுத்து பாப்பம்.”

சுற்றிக் காட்டினேன். ஒரு முறுக்கு விழாமல். அம்மா அதை அப்படியே கொளுவி வைத்தார்.

அந்தக் காலத்தில்தான் ஈஸ்வேக் என்ற இசைக்குழு வந்தது. சுவீடனின் வடக்குக் கரையில் ஒரு சின்ன ஊர் அவர்களுடையது. குளிர்காலத்தில் அங்கே கடல் உறைந்துவிடும். உறைந்த கடல் மேல் தீவுகளுக்குக் கார் ஓட வழி போடுவார்கள். அந்தப் பனிவழிக்குத்தான் அவர்கள் மொழியில் ஈஸ்வேக் என்று பெயர். லீனா பாடுவாள். அவளுடைய தம்பி யோனாஸ் பாட்டுகளை எழுதி சின்தசைசர் வாசிப்பான். இன்னொரு நண்பர் தாளத்தைப் பார்ப்பார். கிற்றார் கிடையாது. எல்லாம் குமிழும் கம்பியுமாக இருந்த பழைய மின்னிசை இயந்திரங்கள். கணினியில் பதிந்து வைத்ததை மேடையில் ஓடவிடுவதில்லை என்பது அவர்களுடைய பெருமை. கேட்பது எல்லாம் அந்த நிமிடத்தில் ஒரு கை செய்வது. அவர்களுடைய முதல் பெரிய பாட்டின் உச்சியில் லீனாவின் குரல் ஒரு இடத்தில் போய் நிற்கும். இயந்திரத்தின் ஒலி எது, குரல் எது என்று பிரிக்க முடியாது. வேலைக்குப் போகிற பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் இருந்தவர்களின் காதிலிருந்தெல்லாம் அந்த இடம் கசியும்.

ரொறன்ரோவில், பார்க்டேலில் ஒரு சின்ன மண்டபத்துக்கு அவர்கள் முதல் தடவை வந்தபோது, பெட்டி தூக்குகிற உள்ளூர் ஆட்களில் நான் ஒருத்தி. தை மாதக் குளிர். லொறியிலிருந்து இறக்கிய பெட்டி ஒன்றைத் திறக்கக் கொளுக்கியில் கை வைத்தேன். மூடியின் மேல் இன்னொரு கை வந்து அமர்ந்தது.

குன்னார். அவர்களுடைய மேடை மனேஜர். ஐம்பதைத் தாண்டிய, நெட்டையான மனிதர். “உன் கண்ணாடி” என்றார். வெளியிலிருந்து வந்ததும் புகாரேறி, நான் துடைத்துக் கையில் வைத்திருந்த மூக்குக் கண்ணாடியைத்தான் காட்டினார். விளக்கம் அவ்வளவுதான். குளிரிலிருந்து வந்த இயந்திரத்தைச் சூட்டில் திறந்தால் உள்ளேயும் அப்படித்தான் வியர்க்கும். பெட்டிகள் மூடியபடி மண்டபத்தின் சூட்டுக்கு வரவேண்டும். கையின் பின்புறத்தை உலோக மூலையில் வைத்துப் பார்ப்போம். சில்லென்றால் இன்னும் இல்லை. அதன் பிறகு திறப்பது, சுவீடன் மின்சாரத்துக்குச் செய்த இயந்திரங்களுக்கு நம் ஊர் மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் ட்ரான்ஸ்போமரை வைப்பது, எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஒன்றும் தொடாமல் விடுவது. இயந்திரம் சூடேறும்வரை அதன் சுருதி மெல்ல விலகி நடக்கும். நடப்பது நின்ற பிறகுதான் சேர்க்க வேண்டும்.

பெரிய இயந்திரம் முதலில். அதற்கு மற்றவை ஒவ்வொன்றாக. இரண்டு இயந்திரத்தில் ஒரே சுரத்தைப் பிடித்தால், சேராத இடத்தில் ஒலி அலை அலையாக அடிக்கும். குமிழைத் திருப்பத் திருப்ப அலை மெதுவாகி நீண்டு ஓரிடத்தில் படுத்துவிடும். மீற்றர் இருந்தது. குன்னார் மீற்றரைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக் கேட்பார். அன்று இரண்டாவது இயந்திரத்தில் அலை படுக்கவில்லை என்று நான் சொன்னேன். அவர் உதட்டைக் குவித்து, சுர்ரென்று ஒரு தடவை மூச்சை உள்ளே இழுத்தார். கையைச் சுட்டுக்கொண்டாராக்கும் என்று பதறிப்போனேன். அவர்கள் பக்கத்தில் ‘ஆமாம்’ என்பதையே அப்படித்தான் சொல்வார்கள் என்று லீனா பிறகு சிரித்துச் சிரித்துச் சொன்னாள்.

குன்னாரிடம் இன்னொரு பழக்கம் இருந்தது. ஒலிச் சோதனை முடிந்ததும் சட்டைப் பையிலிருந்து வெள்ளை ஒட்டு ரேப்பை எடுத்து, ஒவ்வொருவரும் நிற்கும் இடத்தில் தரையில் ஒட்டுவார். ரேப் விழுந்த பிறகு எதையும் மாற்றக்கூடாது. யோனாஸ் கெஞ்சினாலும் சரி. கோபம் வந்தால் குரலைத் தாழ்த்துவார். அவர் பேசுவது கேட்கவில்லை என்றால் விஷயம் பெரிது என்று அர்த்தம்.

அடுத்த இசைச் சுற்றுப்பயணத்துக்கு என்னைக் கூட்டிப்போனார்கள். சின்ன மண்டபம் பெரிய மண்டபமாகி, பெரிய மண்டபம் கோடை விழாத் திடல் ஆனது. அம்மா சொந்தக்காரரிடம் “பிள்ளை சுவீடன் கொம்பனியில எஞ்சினியர்” என்றார். திருத்தவில்லை. திடல்களில் வெயில் ஒரு இயந்திரத்தில் மட்டும் விழும். நான் குடையோடு ஓடுவேன். ஓடிக்கொண்டேயிருந்த வருடங்கள் அவை. நான் ஒரு இடத்தில் இருந்து சாப்பிட்டதாக நினைவில்லை.

பிறகு இறங்கத் தொடங்கியது. இது நடப்பதை யாரும் அறிவிப்பதில்லை. புதிய இசைத்தட்டு வந்தது. பஸ்ஸில் எவர் காதிலும் அது கேட்கவில்லை. மேல் மாடத்தைத் திரையால் மூடி மண்டபத்தைச் சின்னதாக்கினார்கள். எங்களுடைய பழைய ஒலியை மற்றவர்கள் லாப்டொப்பில் ஒரு தட்டலில் செய்து, எங்களைவிடச் சுத்தமாகவும் வாசித்தார்கள். அதோடு லீனாவின் தொண்டை. ஒரு சிகிச்சைக்குப் பிறகு குரல் திரும்பி வந்தது. உச்சி மட்டும் வரவில்லை. நோய் வருத்தம் ஒன்றுமில்லை, ஆனால் மேலே உள்ளது இனி வராது என்று வைத்தியர் சொல்லிவிட்டார்.

கடைசிச் சுற்றில் ரொறன்ரோ நடுவில் வந்தது. முந்திய இரண்டு ஊரிலும் அந்தப் பெரிய பாட்டின் உச்சியில் லீனாவின் குரல் உடைந்தது. இரண்டாவது ஊரில் சிலர் சிரித்தார்கள். ரொறன்ரோவுக்கு வந்த காலையில் லண்டனிலிருந்த அவர்களுடைய மனேஜர் ஒலிப்பதிவு ஒன்றை அனுப்பினார். இசைத்தட்டிலிருந்து பிரித்தெடுத்த லீனாவின் பழைய குரல். அதை ஓடவிட வேண்டும், லீனா வாயசைக்க வேண்டும். இல்லையென்றால் மீதி ஊர்கள் ரத்து. மேடையில் சோதனைகளுக்கு வைத்திருந்த லாப்டொப்பைத் தொடக்கூடிய இடத்தில் இருப்பது நான்தான்.

லீனா எங்களிடம் ஒன்று சொன்னாள். “வாயை மட்டும் அசைக்க வேண்டுமென்றால் நான் இன்றே வீட்டுக்குப் போகிறேன்.” கத்தவில்லை. கையுறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக மடித்துக்கொண்டே சொன்னாள்.

மத்தியானம் ஒலிச் சோதனை. மூன்று தடவை உச்சியை முயன்றாள். மூன்றாவதில் குரல் இல்லை, காற்றுத்தான் வந்தது. குன்னார் என் காதுக் கருவியில், கேட்டும் கேட்காத குரலில் சொன்னார்: “பதிவை ஏற்று.”

ஏற்றினேன். திரையில் ஒரு பச்சைக் கோடாக லீனாவின் பழைய குரல். அதைப் பார்த்தபோது என் சனிக்கிழமை வகுப்புத்தான் கண்ணில் வந்தது. வாயை அசைத்த கெட்டிக்காரிகள். இருபது தொண்டைக்கு ஒரு கட்டை.

எங்கள் தொழிலில், கம்பி பிடிக்கிற ஆள் பாடகியிடம் நேரே போய் யோசனை சொல்வதில்லை. குன்னாரிடம் சொல்ல வேண்டும். காதுக் கருவியில் கூப்பிட்டேன்.

“குன்னார், பாட்டை ஒரு கட்டை இறக்கலாம்.”

“ஒரு என்ன?”

விளக்கினேன். நாங்கள் பாட்டுக் கற்கும் முறையில் சுரங்களுக்கு நிலையான உயரம் இல்லை. பாடகரின் குரல் எங்கே சுகமாக நிற்கிறதோ அதுதான் ஸா. வாத்தியங்கள் அதற்குச் சேர வேண்டும். வயது போகக் குரல் இறங்கினால் கட்டையை இறக்குவார்கள். ஒருவரும் அதைத் தோல்வி என்பதில்லை. இயந்திரங்கள் எல்லாவற்றையும் நான் இறக்கிச் சேர்க்கிறேன், யோனாஸ் கீபோர்ட்டில் அதே கட்டைகளையே அழுத்தலாம், விரல் மாறாது.

காதில் சுர்ரென்று ஒரு மூச்சு உள்ளே போனது. மேடையில் குன்னார் கையிலிருந்த வெள்ளை ரேப்பைத் திரும்பச் சட்டைப் பையில் போட்டார்.

மண்டபத்தின் மின்சாரப் பொறுப்பில் இருந்தவர் சுதன் அண்ணை. பருத்தித்துறைக்காரர். நான் ட்ரான்ஸ்போமருக்குப் பக்கத்தில் முழங்காலில் நின்று கருவிகளைத் தேடிய வேகத்தைப் பார்த்துவிட்டு வந்தார்.

“என்ன பிள்ளை, வெள்ளைக்காரன்ர ஹார்மோனியத்தைக் கழட்டுறாய்?”

“ஒரு கட்டை இறக்கவேணும் அண்ணை. பாடுற அக்காவுக்கு எட்டேல்ல.”

“அவ்வளவுதானே? என்ர மாமா கோயில்ல பாடேக்க வருசத்துக்கு வருசம் இறங்கினவர். கடைசியா ஹார்மோனியக்காரன்தான் சண்டைக்கு வந்தவன்.”

“ஏன்?”

“அவனுக்குக் கறுப்புக் கட்டை பழக்கமில்லை. லைற்றைப் பிடிக்கிறன், நீ கழட்டு.”

எங்களிடம் சண்டைக்கு வந்தவன் யோனாஸ். “இது என் பாட்டு இல்லை” என்றான். “அந்த உச்சியில் இயந்திரமும் அவளும் ஒன்றாகத் தெரிய வேண்டும் என்றுதான் அதை அந்த இடத்தில் எழுதினேன். இறக்கினால் அடி ஒலி சேறாகும். கேட்டுப் பார்.” நான் அதற்குள் இறக்கியிருந்த இயந்திரத்தில் கேட்டேன். அவன் சொன்னது உண்மை. கீழ்ச் சுரங்கள் தடித்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. மக்கள் இசைத்தட்டில் கேட்டதைக் கேட்கத்தான் காசு கொடுத்து வருகிறார்கள் என்றான். அதுவும் உண்மைதான்.

“எட்டாததை எட்டின மாதிரிக் காட்டுவது மட்டும் உன் பாட்டா?” என்று கேட்டுவிட்டேன். அது என் இடத்தில் இருப்பவள் கேட்கக்கூடாத கேள்வி. குன்னார் தரையைப் பார்த்தார். சுதன் அண்ணைக்கு ஆங்கிலம் நன்றாகவே விளங்கும். அவர் கைலைற்றை அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டார்.

லீனா மேடை நடுவில் நின்றபடி, எங்களைக் கவனிக்காமல், இறக்கிய இயந்திரம் ஒன்றின் ஒலியோடு சேர்த்து மெல்ல முனகத் தொடங்கினாள். உச்சிக்கு வந்தாள். குரல் நின்றது. பழைய வெள்ளி மினுக்கம் இல்லை. கொஞ்சம் கரகரப்பு, கொஞ்சம் அகலம். ஆனால் நின்றது. தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். யோனாஸ் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தான்.

மூன்று இயந்திரங்கள் முன் குமிழிலேயே இறங்கின. பெரியதன் குமிழ் அவ்வளவு தூரம் போகாது. பின்பலகையைக் கழற்றி, உள்ளே இருக்கும் சின்னத் திருகுகளை பிளாஸ்டிக் திருப்புளியால் தொட வேண்டும். ஒன்றைத் திருப்பினால் கீழே சேரும், மேலே விலகும். மேலே சரி செய்தால் கீழே நடக்கும். கொஞ்சம் அங்கே, கொஞ்சம் இங்கே, அலை படுக்கும்வரை. உலோகத் திருப்புளி கூடாது, உடம்புச் சூடு ஏறக்கூடாது, மூச்சைக்கூட அதன் மேல் விடக்கூடாது. வாசல் திறக்க முன் முடித்தேன். குன்னார் வந்து கண்ணை மூடிக் கேட்டார். பிறகுதான் ரேப் ஒட்டினார்.

மண்டபம் பாதிதான் நிறைந்தது. பெரிய பாட்டு வந்தபோது மேடை விளக்குகளின் சூட்டில் பெரிய இயந்திரத்தின் சுருதி மேல் நோக்கி நகரத் தொடங்கியது. எனக்குத் தெரியும், எப்படியும் அது செய்யும். அதன் பின்னால் முழங்காலில் இருந்து, குமிழை மயிரிழை மயிரிழையாகத் திருப்பிக்கொண்டேயிருந்தேன். லாப்டொப் மூடியபடி கிடந்தது. லீனா உச்சிக்குப் போனாள். உடையவில்லை. முன்வரிசையில் ஒருத்தி கூடப் பாட முயன்று, உயரம் மாறியிருப்பது விளங்காமல் நிறுத்திவிட்டு, கேட்டுக்கொண்டு நின்றாள். நான் அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மீதி ஊர்களும் அப்படியே நடந்தன. எல்லோருக்கும் பிடித்தது என்று எழுதினால் பொய். பாட்டு மெதுவாகிவிட்டது என்று சிலர் இணையத்தில் எழுதினார்கள். வேகம் துளியும் மாறவில்லை. இருண்டுபோயிற்று என்றார்கள், அது சரி. ரொறன்ரோ நிகழ்ச்சிக்கு மறுநாள் பஸ்ஸில் யோனாஸ் ஒரு தோடம்பழத்தை உரித்துப் பாதியை எனக்கு நீட்டினான். “என் அக்காவை வீட்டுக்குப் போகாமல் நிறுத்தினாய். நன்றி. ஆனால் அந்தப் பாட்டை நான் இனி வாசிக்க மாட்டேன், இந்தச் சுற்று முடிந்ததும்.” வாசிக்கவில்லை. சுற்று முடிந்தது, ஈஸ்வேக்கும் முடிந்தது. அவன் இப்போது கணினி விளையாட்டுகளுக்கு இசை அமைக்கிறான். லீனா தன் ஊரில் தேவாலயப் பாடகர் குழுவில் கீழ்க்குரல் வரிசையில் பாடுகிறாள். குன்னார் படகு வைத்திருக்கிறார் என்று கேள்வி. அவரைத் தொலைபேசியில் கூப்பிடுவதில் அர்த்தமில்லை; மூச்சுத்தான் கேட்கும்.

யோனாஸுடன் நான் இன்னும் மனதுக்குள் வாதாடுகிறேன். சிலவேளை அவன் வெல்கிறான்.

அதன் பிறகு எனக்கு வேலைக்குக் குறைவில்லை. பெரிய பெரிய பாடகர்கள். ஆனால் சூடேற்ற ஒன்றுமில்லை, சேர்க்க ஒன்றுமில்லை. லாப்டொப்பின் முன்னால் உட்கார்ந்து பச்சைக் கோடு ஓடுவதைப் பார்ப்பேன். முன்னால் ஒருவர் வாயை அசைப்பார். சம்பளம் நல்லது. கால் மட்டும் மேசைக்கடியில் நிற்காமல் ஆடிக்கொண்டேயிருக்கும். இரண்டு வருடம் ஆடியது. விட்டுவிட்டேன்.

அம்மா கேட்டார்: “இனி என்ன செய்யப்போறாய்?”

“பொறுங்கோ அம்மா.”

“நீ பொறுக்கிற ஆளோ?”

இல்லைத்தான். போன சனிக்கிழமை மல்வேர்னுக்குப் போனேன். மியூசிக் அன்ரி அதே மண்டபத்தில் இப்போது பெரியவர்களுக்கும் வகுப்பு நடத்துகிறார். பத்துப் பன்னிரண்டு பெண்கள், பின்னேர வேலைக்குப் போகும் உடுப்போடேயே சிலர். வாசலில் என்னைக் கண்டதும் அன்ரியின் முகம் மலர்ந்தது.

“அட, நீயோ! பெட்டி பழுதெண்டு ஆரோ சொல்லிப்போட்டினம் போல. நல்ல காலம் வந்தாய், பின்னுக்குக் கிடக்கு, பார்.”

“பெட்டி நல்லாத்தான் இருக்கு அன்ரி. பாட வந்தனான்.”

“நீயோ?” அன்ரி சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. “உனக்குத்தான் சுருதி...”

நான் பின்னால் போய்ப் பெட்டியைத் தூக்கிவந்து முன்பாயில் வைத்தேன். ஐந்தரையில் இருந்த குமிழைத் திருப்பி நாலு கட்டைக்கு இறக்கினேன். அன்ரி கண்ணாடிக்கு மேலால் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாம் வரிசையில் ஒரு பெண் மெதுவாகத் தொண்டையைச் செருமினாள். பெட்டியின் அருகிலேயே சப்பாணி கட்டி உட்கார்ந்து, ஸா பிடித்தேன்.